சொவெட்டோப் பிள்ளைகளும் ஒரு பாட்டும்

(ஊர்த் தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்றைய உரையின் தலைப்பைக் கண்ட பெரியவர் ஒருவர், “புலவரே! சிலம்பு பேசுவீர், புறநானூறு பேசுவீர் என்று வந்தோம். நீர் தென்னாப்பிரிக்கப் பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கின்றீரே!” என்று வாயிலிலேயே என்னைத் தடுத்துக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. மொழிக்காகப் பிள்ளைகள் உயிர் கொடுத்த நிலம் எதுவாயினும், அந்நிலத்தின் கதை மொழிப்பற்றுடையார் அனைவர்க்கும் உறவுடைய கதையே. அதனை முழுமையாகக் கேட்டுவிட்டு, இங்குப் பேசத்தக்கதா இல்லையா என்பதை அப்பெரியவரே முடிவு செய்யட்டும்.

இக்கதையை எனக்குக் கற்றுத் தந்தவன் என் மாணவன். ‘இராக்கு’ என்று இளைஞர் கூறும் மேலை இசையில் அவனுக்கு ஈடுபாடு மிகுதி. ஒருநாள் தன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்து, “ஐயா, இதனைக் கேளுங்கள்” என்றான். பீட்டர் கேபிரியல் என்னும் ஆங்கிலப் பாடகர் 1980-இல் வெளியிட்ட ‘பீக்கோ’ என்னும் பாட்டு அது. முதலில் மக்கள் கூட்டமாகப் பாடும் குரல், பிறகு முரசொலி போன்றதொரு கனத்த ஒலி, இறுதியில் மீண்டும் கூட்டத்தின் குரல். தாளம் எனக்குப் பிடிபடவில்லை. ஆயினும் அக்கூட்டுக் குரல் நெஞ்சைப் பிசைந்தது. “யார் பாடுகின்றார்கள்?” என்றேன். “தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் இரங்கற் பாட்டு, ஐயா. பாட்டின் தலைவன் சுடீவ் பீக்கோ. 1977 செப்டம்பர் 12-ஆம் நாள் காவலர் பிடியில் அடிபட்டு இறந்தான். அகவை முப்பது” என்றான். “அவன் செய்த குற்றம் என்ன?” என்று கேட்டேன். “கறுப்பன் தன்னைத் தாழ்ந்தவன் என்று எண்ணாதிருக்கக் கற்பித்தான்” என்றான்.

அவ்விடையே என்னைத் தேட வைத்தது. தேடிச் சென்ற வழி, பீக்கோவின் எண்ணங்களால் எழுச்சி பெற்ற பள்ளிப் பிள்ளைகளிடத்தில், சொவெட்டோ என்னும் ஊரில், 1976 சூன் 16-ஆம் நாளில் கொண்டுபோய் நிறுத்தியது. அவ்வெழுச்சியின் வேர் மொழி என்பதை அறிந்தபோது, இத்தனை ஆண்டு தமிழாசிரியனாக இருந்தும் இதனைச் செவ்வையாக அறியாது இருந்தேனே என்று நாணினேன்.

தோழர்களே! யோகானசுபர்க்கு என்னும் பொன்னகரின் தென்மேற்கே, அந்நகரின் சுரங்கங்களுக்கும் வீடுகளுக்கும் உழைக்கும் கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கி வைத்த குடியிருப்புகளின் தொகுதியே சொவெட்டோ. அப்பெயர் எந்த ஆப்பிரிக்க மொழிச் சொல்லும் அன்று. தென்மேற்குக் குடியிருப்புகள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி அமைத்தது. அம்மக்கள் வாழ்ந்த ஊரின் பெயர்கூட அவர்கள் மொழியில் இல்லை!

வெள்ளை அரசு 1953-இல் ‘பாண்டுக் கல்விச் சட்டம்’ என்றொன்றை இயற்றியது. அதனை வகுத்தவர் பின்னாளில் தலைமையமைச்சரான வெர்வூர்டு. வெள்ளையர் நடுவில் கறுப்பனுக்குக் கூலிவேலைக்கு மேற்பட்ட இடம் இல்லை. ஆதலின் அதற்கு மேற்பட்ட கல்வியும் வேண்டுவதில்லை என்பதே அவர் கொள்கை. இதனை அவர் மறைத்ததும் இல்லை; மேலவையிலேயே கூறினார். 1975-76-ஆம் ஆண்டில் அவ்வரசு ஒரு வெள்ளைப் பிள்ளையின் கல்விக்குச் செலவிட்டது 644 ராண்டு. ஒரு கறுப்புப் பிள்ளைக்குச் செலவிட்டது 42 ராண்டு. இவ்விரண்டு எண்களைவிட அவ்வாட்சியை விளக்குவதற்கு வேறு சொல் வேண்டா.

இந்நிலையில், 1974-இல் ஓர் ஆணை வந்தது. கறுப்பினப் பள்ளிகளில் கணக்கும் குமுகாய அறிவும் ‘ஆப்பிரிக்கான்சு’ மொழியில் கற்பிக்கப்படல் வேண்டும். அறிவியலும் கைத்தொழிற் பாடங்களும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படல் வேண்டும் என்று அவ்வாணை கூறியது. ஆப்பிரிக்கான்சு என்பது டச்சு மொழியிலிருந்து அம்மண்ணில் பிரிந்து வளர்ந்த மொழி, ஆட்சியாளரின் தாய்மொழி. கடவுச்சீட்டுக் கேட்டு மிரட்டும் காவலனும், அபராதம் விதிக்கும் முறைமன்றமும், வேலை வாங்கும் முதலாளியும் அம்மக்களிடம் பேசிய மொழி.

அப்படியானால் சூலு, சோசா, சோத்தோ முதலான அவர்தம் தாய்மொழிகட்கு என்ன எஞ்சியது? கேளுங்கள்: சமயப் பாடம், இசை, உடற்பயிற்சி. இம்மூன்றே! கணக்குப் போட ஒரு மொழி, அறிவியல் கற்க ஒரு மொழி. தாய்மொழியோ தொழவும் பாடவும் குதிக்கவும் மட்டும். மொழியைக் கொல்ல விரும்புவோர் அதனை முற்றும் விலக்குவதில்லை. விழா மேடையில் அதற்கொரு நாற்காலி போட்டுவிட்டு, அலுவலறையிலிருந்து வெளியேற்றுவார்கள். அவ்வாணையை எழுதியவர் அறியாத ஒன்று உண்டு. இசையை மட்டும் விட்டுவைத்தார்களே, அவ்விசையே பின்னாளில் அவர்கள் ஆட்சிக்கு எதிராக உலகெங்கும் சான்று கூறியது. அதனைப் பிறகு சொல்வேன்.

ஆசிரியர்கள் எதிர்த்தார்களா? எதிர்த்தார்கள், முறையீடு எழுதினார்கள். தாங்களே செவ்வையாகக் கல்லாத மொழியில் எவ்வாறு கணக்குக் கற்பிப்பது என்று கேட்டார்கள். பள்ளி வாரியத்தார் சிலர் மறுத்துப் பார்த்தனர். அவருள் இருவர் நீக்கப்பட்டனர். கறுப்பின மக்களைக் கலந்தீர்களா என்று கேட்டபோது, கலக்கவில்லை, கலக்கும் எண்ணமும் இல்லை என்னும் பொருள்பட ஒரு துணையமைச்சர் விடையிறுத்தார். பெரியவர்களின் முறையீடுகள் கோப்புகளில் உறங்கின. பிள்ளைகள் உறங்கவில்லை. சூன் 16-க்குச் சில கிழமைகள் முன்னரே ஒர்லாண்டோ மேற்குப் பகுதியில் மாணவர் வகுப்புக்குச் செல்ல மறுத்தனர். பிற பள்ளிகளும் சேர்ந்தன. சூன் 13-ஆம் நாள் மாணவர் கூடிச் செயற்குழு அமைத்தனர். அவர்களை வழிநடத்தியவருள் முன்னின்றவன் சியெட்சி மசினினி, அகவை பத்தொன்பது.

1976 சூன் 16, அறிவன்கிழமை. குளிர்காலத்துக் காலை. பள்ளிச் சீருடையிலேயே பிள்ளைகள் திரண்டனர். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் என்பர். கையில் அட்டைகள், வாயில் பாட்டு. ஒர்லாண்டோ மேற்கில் காவலர் வழிமறித்தனர். கண்ணீர்ப்புகை எறிந்தனர், நாய்களை ஏவினர், பின்னர்த் துமுக்கியால் சுட்டனர். பதினைந்து அகவைக் கேசுடிங்சு நிட்லோவுவும் பன்னிரண்டு அகவை எக்டர் பீட்டர்சனும் அன்று வீழ்ந்த முதற் பிள்ளைகளுள் இருவர்.

எக்டரின் உடலை இரு கைகளிலும் ஏந்தி ஓடினான் புயிசா மக்குபோ என்னும் இளைஞன். அருகே அலறிக்கொண்டு ஓடினாள் எக்டரின் தமக்கை. அக்காட்சியைச் சாம் நிசிமா என்னும் கறுப்பின நிழற்படக்காரர் பிடித்தார். காவலர் பறித்துவிடாதபடி படச்சுருளைக் காலுறையில் மறைத்துக் காத்தார். அப்படம் உலகை உலுக்கியது. அதன்பின் அவர்கள் என்ன ஆயினர்? படமெடுத்தவர் காவலரின் தொல்லைக்கு அஞ்சித் தம் தொழிலையே விட்டார். பிள்ளையைத் தூக்கியவன் நாட்டை விட்டு ஓடினான். 1978-இல் நைசீரியாவிலிருந்து வந்த மடலோடு அவனைப் பற்றிய செய்தி நின்றது. அவன் தாய் அவனை மீண்டும் காணவே இல்லை. ஓர் உடலைத் தூக்கியதற்கே அந்த விலை!

எழுச்சி நாடெங்கும் பரவியது. 1977 பிப்ரவரி முடிய இறந்தோர் 575 பேர் என்று அரசு அமைத்த சில்லியே ஆணையமே கணக்கிட்டது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாளிலேயே மெல்வில் எடல்சுட்டைன் என்னும் வெள்ளையரை வெகுண்ட கூட்டம் அடித்துக் கொன்றது. அவர் சொவெட்டோ இளைஞரின் உள்ளத்தை ஆராய்ந்து நூல் எழுதியவர். அம்மக்களின் நலத்துக்கென்றே அங்குப் பணிபுரிந்தவர். சினம் கண்ணை மறைக்கும்போது பகைவனும் நண்பனும் தெரியார். எழுச்சியைப் போற்றுகின்ற நாம் இவ்விறப்பையும் உடன் நினைத்தல் கடன்.

சூலைத் திங்களில் அரசு பணிந்தது. எம்மொழியில் கற்பிப்பது என்பதைப் பள்ளிகளே முடிவு செய்யலாம் என்று அறிவித்தது. முறையீட்டால் பெறாததைப் பிள்ளைகள் குருதியால் பெற்றனர்.

இனிப் பாட்டுக்கு வருவோம். இவ்வெழுச்சி நடந்தபோது அந்நாட்டின் இரு பெருங்கலைஞர் நாட்டுக்குள் நுழைய இயலாமல் வெளியே இருந்தனர். ஒருவர் இயூ மசேக்கேலா, ஊதுகொம்புக் கலைஞர். 1960-இல் நாட்டை விட்டுச் சென்றவர். மற்றவர் மிரியம் மக்கேபா அம்மையார். 1960-இல் தாய் இறந்த செய்தி கேட்டுப் புறப்பட முயன்றபோது, அவர் கடவுச்சீட்டு செல்லாது என்று அறிவித்தது அரசு. பெற்ற தாயை அடக்கம் செய்யவும் வரவிடவில்லை! 1963-இல் ஐ.நா. மன்றத்தின் முன் சென்று தம் நாட்டின் கொடுமையை எடுத்துரைத்தார், குடியுரிமையையும் இழந்தார். மசேக்கேலா சொவெட்டோவைப் பற்றி ஒரு பாட்டு ஆக்கினார், மக்கேபா பாடினார், 1977-இல் வெளிவந்தது. ‘சொவெட்டோ புளூசு’ என்பது அதன் பெயர். புளூசு என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் துன்பத்தைப் பாடிய இசைமுறை. இராக்கு இசைக்கும் அதுவே செவிலித்தாய்.

அப்பாட்டில் நான் கண்ட சிறப்பு ஒன்று உண்டு. தலைவர்களை வாழ்த்துவதில்லை, வெற்றி முழக்கம் செய்வதில்லை. ஆண்டையிடமிருந்து பிள்ளைகட்கு ஒரு மடல் வருகின்றது, அவர்தம் மொழிகட்கு இனி இடமில்லை என்று, பிள்ளைகள் மறுக்கின்றனர், சாகின்றனர். ஆங்கிலத்தில் சென்றுகொண்டிருக்கும் பாட்டு, நெஞ்சின் ஆழத்தைத் தொடும் இடம் வந்ததும் தாய்மொழிக்கு மாறிவிடுகின்றது. மாறியவுடன் எழும் கேள்வி, சுட்ட காவலரை நோக்கியதன்று. தம் இனத்து ஆடவரை நோக்கியது. குழந்தைகள் கல்லோடு நின்று குண்டேற்ற பொழுதில் வளர்ந்த ஆண்மக்கள் எங்கே போயிருந்தார்கள் என்று தாய்க்குரல் வினவுகின்றது. பகைவனைத் திட்டும் பாட்டு எளிது. தன்னவரைத் தலைகுனியச் செய்யும் பாட்டு அரிது.

பாட்டின் ஆற்றலை அவ்வரசும் நன்கறிந்திருந்தது. பிங்கு பிளாய்டு என்னும் ஆங்கில இராக்குக் குழுவினர் 1979-இல் பள்ளிக் கொடுமையைச் சாடிப் பிள்ளைகளின் குரலோடு ஒரு பாட்டை வெளியிட்டனர். தென்னாப்பிரிக்காவை எண்ணி எழுதியதன்று அது. ஆனால் 1980-இல் அங்கே வகுப்புகளைப் புறக்கணித்த மாணவர் அதனையே தம் முழக்கமாக ஆக்கிக்கொண்டனர். அரசு அப்பாட்டைத் தடை செய்தது. துமுக்கி ஏந்திய அரசு, பிள்ளைகளின் பாட்டுக்கு அஞ்சியது!

அன்பர்களே! இதுவரை கூறியவற்றுக்குக் கைதட்டுவது எளிது. இனிக் கூறப்போகும் இரண்டும் நமக்குக் கசப்பானவை. ஆனால் வரலாற்றை நமக்கு இனிக்கும் பகுதி மட்டும் பிய்த்து உண்பது அறமன்று.

முதலாவது: அப்பிள்ளைகள் ஆப்பிரிக்கான்சு வேண்டா என்றார்களேயன்றி, சூலுவில் கணக்குக் கற்பியுங்கள் என்று கேட்கவில்லை. அவர்களுட் பெரும்பாலார் விரும்பியது ஆங்கிலத்தை. ஏன்? தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்வியைக் கொடுத்தது அதே இனவெறி அரசுதான். மொழிப்பற்றாலா கொடுத்தது? இல்லை. இனக்குழு இனக்குழுவாக மக்களைப் பிரித்து வைக்கவும், குறைந்த கல்வியைக் குறைந்த செலவில் கொடுத்து அடைத்து வைக்கவும் கொடுத்தது. தாய்மொழியைக் கையில் கொடுத்து வாழ்வைப் பறித்துக்கொண்டது. ஆதலால் அம்மக்கட்குத் தாய்மொழிக் கல்வி என்ற சொல்லே சிறைக்கதவின் ஒலியாகக் கேட்டது. இதிலிருந்து நாம் கற்பது யாது? தாய்மொழியைப் பயிற்றுமொழி ஆக்கினால் மட்டும் போதாது. அம்மொழியில் பயின்றவனுக்கு உயர்கல்வியும் வேலையும் மதிப்பும் உறுதியாதல் வேண்டும். அவ்வுறுதி இல்லாத இடத்தில் ஏழைத் தாயொருத்தி தன் பிள்ளையை வேற்றுமொழிப் பள்ளிக்கு இட்டுச் சென்றால், அவளைப் பற்றில்லாதவள் என்று பழிக்கும் உரிமை நமக்கில்லை. பழி, கதவைத் திறக்காத நம்மைச் சாரும்.

இரண்டாவது, இதனினும் கசப்பானது. ஆப்பிரிக்கான்சு மொழியும் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட மொழியே! 1902-இல் போயர் மக்கள் ஆங்கிலேயரிடம் தோற்றபின், மில்னர் என்னும் ஆட்சியாளர் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் திணித்தார். தம் மொழியைப் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் ‘நான் கழுதை’ என்று எழுதிய அட்டை மாட்டப்பட்டதாக அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி அழுதனர். சமையலறை மொழி என்று இகழப்பட்ட அதனை வளர்க்க 1875-லேயே பார்ல் என்னும் ஊரில் கழகம் கண்டவர்கள் அவர்கள். இதழ் நடத்தினர், இலக்கணம் வகுத்தனர்; 1925-இல் ஆட்சிமொழி ஆக்கினர். எத்துணைப் பெருமைக்குரிய போராட்டம்! அதே பார்ல் நகரில் 1975 அக்தோபரில் தம் மொழிக்கு வானளாவிய நினைவுச்சின்னம் திறந்தனர். எட்டுத் திங்கள் கழித்து, அதே மொழியை ஏற்க மறுத்த பன்னிரண்டு அகவைப் பிள்ளை தெருவில் செத்துக் கிடந்தான்.

கழுத்தில் அட்டை சுமந்தவனின் பேரன், இன்னொருவன் பிள்ளையின் கழுத்தில் அட்டை மாட்டினான். மொழியை நேசிப்பவன் தான் பட்ட துன்பத்தை மறந்தால் என்ன ஆவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? குற்றம் அம்மொழியினதன்று. கேப்பு நகரில் அதனைத் தாய்மொழியாகப் பேசிய கலப்பின மாணவரும் சொவெட்டோப் பிள்ளைகட்காகத் தெருவில் இறங்கினர். மொழி எவரையும் சுடுவதில்லை. மொழியின் பெயரால் ஆளுபவன் சுடுகின்றான். தமிழ் தழைக்க வேண்டும் என்று உழைக்கும் நாம், நம் நிலத்தில் வாழும் சிறுமொழியினர் எவர் பிள்ளையையும் நாணச் செய்யாதிருத்தல் வேண்டும். அதுவே நம் பற்று தூயது என்பதற்கு உரைகல்.

இறுதியாக, அப்பாட்டின் கேள்விக்கு வருகின்றேன். பெரியவர்கள் எங்கே என்று கேட்டதே அந்தத் தாய்க்குரல். அதனைக் கேட்ட இரவு நான் உறங்கவில்லை. கரணியம் சொல்கிறேன். இளமையில் ஒரு தனியார் பள்ளியில் சில காலம் பணியாற்றினேன். அங்குப் பிள்ளைகள் தமிழில் பேசினால் ஓர் உருபா தண்டம். தண்டம் கட்டியோர் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கிழமைதோறும் ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். அப்பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. ஆம்; தமிழாசிரியனாகிய என்னிடம்! ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், “ஐயா, உங்கள் வகுப்பில் பேசினால் மதிப்பெண் தருகின்றீர்கள். வெளியே போய் அதையே பேசினால் காசு வாங்குகின்றீர்கள். எது சரி?” என்று கேட்டான். வயிற்றுப்பாட்டை நினைத்து வாய் மூடிக்கொண்டேன். ஏழு திங்கள் கையெழுத்திட்டேன். பிறகு வேறு வேலை கிடைத்து வெளியேறினேன். எதிர்த்து வெளியேறினேன் என்று சொல்ல எனக்கு நாவில்லை. அச்சிறுவன் கல்லெடுக்கவில்லை, கேள்வி எடுத்தான். அன்று நான் எங்கே இருந்தேன்?

இதனை மேடையில் சொல்வது பெருமைக்கன்று. இவ்வவையில் ஆசிரியர் பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். அத்தகைய குறிப்பேடு உங்கள் மேசைக்கு வந்தால் கையெழுத்திடாதீர்கள். ஒருவர் மறுத்தால் பணி போகலாம். பதின்மர் மறுத்தால் குறிப்பேடு போகும். பெரியவர்கள் செய்ய வேண்டிய மறுப்பைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவைத்த குமுகாயம், பின்னர் அப்பிள்ளைகட்குச் சிலை வைத்து என்ன பயன்?

தென்னாப்பிரிக்கா இன்று சூன் 16-ஐ இளைஞர் நாளாகக் கொண்டாடுகின்றது. மக்கேபாவும் மசேக்கேலாவும் 1990-இல் தாயகம் திரும்பினர். அம்மையார் 2008-இல் இத்தாலி நாட்டில் மேடையில் பாடி முடித்த இரவிலேயே உயிர் நீத்தார். மசேக்கேலா 2018-இல் மறைந்தார். 1996-இல் இயற்றிய அரசியலமைப்பு பதினொரு மொழிகளை ஆட்சிமொழிகளாக்கியது. 2023-இல் செவித்திறன் அற்றோரின் சைகைமொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. அவ்வரசியலமைப்பு, பேணி மதிக்கத்தக்க பிற மொழிகளின் பட்டியலில் நம் தமிழையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கின்றது. கரும்புத் தோட்டங்கட்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் சுமந்து சென்ற மொழிக்கு அங்குக் கிடைத்த சிறப்பு அது.

இன்னும் ஒன்று. 1997-இல் ஏற்றுக்கொண்ட அந்நாட்டுப் பண் ஐந்து மொழிகளில் அமைந்தது. சோசா, சூலு, சோத்தோ, ஆங்கிலம் ஆகியவற்றோடு ஆப்பிரிக்கான்சும் அதில் உண்டு! எம்மொழியைத் திணித்ததற்காகத் தம் பிள்ளைகள் செத்தார்களோ, அம்மொழியையும் அம்மக்கள் வெளியே தள்ளவில்லை. ஆண்டை என்னும் இருக்கையிலிருந்து இறக்கி, உடன்பிறப்பாகப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டனர்.

வாயிலில் என்னைத் தடுத்த பெரியவரே! இது இங்குப் பேசத்தக்கதா என்பதை இனி நீங்களே சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே! உங்கள் கேள்விக்கு அஞ்சும் ஆசிரியனாக இனி நான் இரேன். கேளுங்கள்.

 வாழ்க தமிழ்! வாழ்க மாந்த மொழிகள் அனைத்தும்!